படம் போடத் தெரியாதவருக்கும் தந்திரக் காட்சிக் கம்பெனியில் வேலை உண்டு!

நடுக்கடலில் ஒரு படகு. அதில் மிஞ்சியவை இரண்டே உயிர்கள். ஒன்று, புதுச்சேரிப் பையன். மற்றொன்று, வங்கப் புலி!

இது "லைப் ஆப் பை" என்ற ஆங்கிலப் படத்தின் கதை. 2012-ம் ஆண்டு வெளிவந்த படம் அது. அதன் படப்பிடிப்பு 2011 ஜனவரியில் புதுச்சேரியில்தான் தொடங்கியது.

திரையில் அந்தப் புலி உறுமியபோது பார்த்தவர்கள் நடுங்கினார்கள். ஆனால், பெரும்பாலான காட்சிகளில் அங்கே புலியே கிடையாது! கம்ப்யூட்டரில் உருவாக்கிய புலி அது. எலும்பு, சதை, தோல், ரோமம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே செய்து, படகில் உட்கார வைத்தார்கள்.

அந்தப் புலியைச் செய்த கம்பெனியின் பெயர் "ரிதம் அண்டு ஹ்யூஸ்". அமெரிக்கக் கம்பெனி. மும்பையிலும் ஐதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரி 24-ந் தேதி அந்தப் புலிக்காக ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

வேடிக்கை என்ன தெரியுமா? பரிசு வாங்கிய அதே மாதத்தில் அந்தக் கம்பெனி திவால் ஆகிவிட்டது! இருநூறுக்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

உலகமே மெச்சிய வேலை. ஆனால் கையில் காசு இல்லை. ஏன் இப்படி?

இந்தத் தொழிலில் "இத்தனை காட்சிக்கு இவ்வளவு பணம்" என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது வழக்கம். பிறகு படம் எடுப்பவர், "இதை மாற்று, அதை மாற்று" என்று சொல்லிக்கொண்டே போனால் நாள் ஓடும். சம்பளம் ஓடும். ஆனால், பேசிய பணம் கூடாது. படம் தள்ளிப்போனாலும் ஆட்களைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். போதாததற்கு, வரிச்சலுகை தருகிற நாடுகளில் உள்ள கம்பெனிகளோடு விலையில் போட்டி போட வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து அந்தக் கம்பெனியைக் கவிழ்த்துவிட்டன.

ஆகவே, தந்திரக் காட்சிக்குக் கலைஞர் மட்டும் போதாது. நாளையும் ஆளையும் பணத்தையும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கவும் ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் "தயாரிப்பு நிர்வாகம்". ஆங்கிலத்தில் "புரொடக்ஷன் மானேஜ்மெண்டு".

படம் போடத் தெரியாத பட்டதாரிகளும் இந்த வேலைக்குப் போகலாம். இது பலருக்குத் தெரியாது.

ஓமந்தூரில் இருந்து ஒரு கேள்வி

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர், பெயர் பெற்ற ஊர். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் அது. நாடு விடுதலை பெற்ற நாளில் இங்கே ஆட்சியின் தலைவர் அவர்தான். நேர்மைக்கும் கண்டிப்புக்கும் பெயர் பெற்ற விவசாயி.

அந்த வட்டாரத்தில் மல்லாட்டையும் நெல்லும் விளைகின்றன. பிள்ளைகள் பஸ் ஏறித் திண்டிவனம் ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கும், விழுப்புரத்துக்கும், புதுச்சேரிக்கும் படிக்கப் போகிறார்கள். பி.காம். படிக்கிறார்கள். பி.ஏ. படிக்கிறார்கள். பி.எஸ்சி. படிக்கிறார்கள்.

இப்படிப் படித்த பெண் ஒருத்தி, ஒரு நாள் தன் தகப்பனாரிடம் வந்து, "அப்பா, நான் தந்திரக் காட்சி செய்கிற கம்பெனியில் வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

தகப்பனார் என்ன சொல்வார்? "உனக்கு ஒரு கோழி வரையத் தெரியாதேம்மா! அங்கே போய் நீ என்ன செய்யப் போற?" என்று சிரிப்பார். தாயார், "லட்ச ரூபாய் கட்டிக் கோர்ஸ் படிக்கணும்னு சொல்றாங்களே! அந்தப் பணத்துக்கு எங்கே போறது?" என்று கவலைப்படுவார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் உண்டு.

தந்திரக் காட்சி என்றால் என்ன?

தமிழ் சினிமாவுக்குத் தந்திரக் காட்சி புதிது அல்ல. 1957-ம் ஆண்டு வந்த "மாயா பஜார்" படத்தை இன்றும் வியந்து பேசுகிறார்கள். அதற்குக் காமிரா பிடித்தவர் மார்கஸ் பார்ட்லி. கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. எல்லாவற்றையும் காமிராவிலேயே செய்தார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2010-ம் ஆண்டு வந்த "எந்திரன்" படத்தில் நூற்றுக்கணக்கான ரோபோக்கள் ஒன்றாகச் சேர்ந்து பந்தாக உருண்டன. பாம்பாக நெளிந்தன. அந்தத் தந்திரக் காட்சிகளுக்காக வி.சீனிவாஸ் மோகனுக்குத் தேசிய விருது கிடைத்தது.

2024 பொங்கலுக்கு "அயலான்" வந்தது. ஆர்.ரவிக்குமார் டைரக்ட் செய்து, சிவகார்த்திகேயன் நடித்த படம். அதில் வருகிற வேற்றுக்கிரக வாசியைச் செய்தது சென்னையில் உள்ள "பேண்டம் எப்.எக்ஸ்." கம்பெனி. படப்பிடிப்பு 2021-லேயே முடிந்துவிட்டது. ஆனால், படம் திரைக்கு வர 3 ஆண்டு ஆயிற்று. பணச் சிக்கல் ஒரு காரணம். கம்ப்யூட்டர் வேலை நிறைய இருந்தது இன்னொரு காரணம்.

வெளிநாட்டுப் படங்களின் வேலையும் சென்னைக்கு வருகிறது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட "டி.என்.இ.ஜி." கம்பெனி "இன்டர்ஸ்டெல்லார்", "டியூன்" முதலிய படங்களுக்காக ஆஸ்கார் பெற்ற கம்பெனி. அதற்குச் சென்னையில் கிளை உண்டு.

ஒரு காட்சிக்கு எத்தனை கை?

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 5 வினாடிக் காட்சி என்றால் 120 படங்கள். 2 மணி நேரப் படம் என்றால் 1 லட்சத்து 72 ஆயிரத்து 800 படங்கள்!

தந்திரக் காட்சியை ஒருவரே முழுதும் செய்வது இல்லை. பல கை மாறித்தான் அது முடிகிறது.

நடிகரின் உருவத்தை ஓரம் பிடித்து வெட்டி எடுப்பவர் ஒருவர். இதற்கு "ரோட்டோ" என்று பெயர். நடிகரைக் கட்டித் தூக்கிய கம்பியை அழிப்பவர் இன்னொருவர். காமிரா எப்படி அசைந்தது என்று கணக்கிட்டுச் சொல்பவர் மூன்றாமவர். புலியை உருவாக்குபவர், அதை நடக்க வைப்பவர், அதன்மேல் வெயில் படும்படி செய்பவர் என்று தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒட்டுத் தெரியாமல் முடித்துக் கொடுப்பவர் ஒருவர். அந்த வேலைக்குக் "காம்பாசிட்டிங்" என்று பெயர்.

ஒரு படத்தில் 100 காட்சிகள். ஒவ்வொன்றும் 6 கை மாறுகிறது. ஆக, 600 வேலைகள். எது முடிந்தது? எது பாக்கி? யார் கையில் இருக்கிறது? என்றைக்குத் தரவேண்டும்? இதை யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டாமா?

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் சமைப்பார். நாயனக்காரர் வாசிப்பார். பந்தல்காரர் பந்தல் போடுவார். ஆனால், முகூர்த்தம் தவறாமல் எல்லாம் நடக்க, ஓடியாடிப் பார்க்கிற ஒரு தாய்மாமன் வேண்டும். தந்திரக் காட்சிக் கம்பெனியில் அந்தத் தாய்மாமன் வேலைதான் தயாரிப்பு நிர்வாகம்!

படிப்படியாக உயரலாம்

இந்த வேலையில் பல படிகள் இருக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும்.

முதல் படி, "புரொடக்ஷன் அசிஸ்டெண்டு". கூட்டத்தில் பேசுவதை எழுதிக்கொள்வது, பட்டியலைச் சரிபார்ப்பது, அறை ஏற்பாடு செய்வது போன்ற வேலைகள். வெளிநாட்டில் இதற்கும் கீழே "ரன்னர்" என்று ஒரு படி உண்டு. தேநீர் கொண்டுவருவது முதல் தபால் கொடுப்பது வரை ரன்னரின் வேலை. அங்கே பெரிய பதவியில் இருக்கிற பலர் ரன்னராக இருந்தவர்களே.

இன்னொரு வாசலும் இருக்கிறது. அது "டேட்டா ஆபரேட்டர்" வேலை. வெளியூரிலிருந்து வரும் படங்களைக் கம்ப்யூட்டரில் வாங்கிச் சரிபார்த்து, உரிய இடத்தில் வைக்க வேண்டும். முடிந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டாம் படி, "கோ-ஆர்டினேட்டர்". ஒரு படத்தின் ஒரு பிரிவு, அல்லது சில காட்சிகள் இவர் பொறுப்பு.

மூன்றாம் படி, "புரொடக்ஷன் மானேஜர்" அல்லது "லைன் புரொடியூசர்". ஆள் கணக்கும் நாள் கணக்கும் இவரிடம்.

அதற்கும் மேலே, "புரொடியூசர்". படக் கம்பெனியோடு விலை பேசுவது, லாப நஷ்டம் பார்ப்பது எல்லாம் இவர் பொறுப்பு.

புதிதாக வருகிறவர் முதல் படியைத்தான் தேட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே "மானேஜர் வேலை வேண்டும்" என்று விண்ணப்பித்தால், அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் வேலை

கோ-ஆர்டினேட்டர் காலையில் வந்ததும் கடிதங்களைப் பார்க்க வேண்டும். சென்னையில் காலை 9 மணி என்றால், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முந்தின நாள் இரவு. அங்குள்ளவர்கள் தங்கள் குறைநிறைகளை எழுதி அனுப்பிவிட்டுப் போயிருப்பார்கள். "12-வது காட்சியில் புலியின் வால் ஆடக் கூடாது" என்று ஒருவர் எழுதியிருப்பார். அதை உரிய கலைஞரிடம் சேர்க்க வேண்டும்.

பிறகு, அன்றைய காட்சிகளைத் திரையில் போட்டுப் பார்ப்பார்கள். இதற்கு "டெய்லீஸ்" என்று பெயர். மேற்பார்வையாளர் திருத்தங்கள் சொல்லச் சொல்ல, கோ-ஆர்டினேட்டர் எழுதிக்கொள்வார். ஒரு சொல் தவறாக எழுதினால், ஒரு கலைஞரின் முழு நாள் உழைப்பு வீண்!

மாலையில் வேலை முடிந்த காட்சிகளைச் சேகரித்து, பெயர் சரியா, எண் சரியா என்று பார்த்து அனுப்ப வேண்டும். சென்னையில் இரவு 8 மணி ஆகும்போது லண்டனில் பிற்பகல்தான். அவர்களோடு பேச வேண்டி வரும். ஆகவே, இரவு வெகுநேரம் வேலை இருக்கும் நாட்களும் உண்டு. இதைக் குடும்பத்தார் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு சிறு கணக்கு

புலிக் காட்சி ஒன்று 5 வினாடி. அதாவது 120 படங்கள். கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் தீட்டி முடிக்க 2 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 120 படத்துக்கு 240 மணி. 10 கம்ப்யூட்டர்களைப் போட்டால் 24 மணி. அதாவது, ஒரு முழு நாள்.

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் காட்சியை அனுப்ப வேண்டும். அப்படியானால் கலைஞர் தன் வேலையை என்றைக்கு முடிக்க வேண்டும்? "வியாழன் மாலை 6 மணி" என்பார் அவசரக்காரர். அது தவறு. தீட்டி வந்த காட்சியை மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும். குறை இருந்தால் மறுபடி செய்ய வேண்டும். ஆகவே, செவ்வாய் அல்லது புதன்கிழமையே முடிக்கச் சொல்ல வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போடத் தெரிந்தவரே நல்ல நிர்வாகி.

இன்னொரு கணக்கு. ஒரு காட்சிக்கு 40 ஆள்நாள் என்று பேசியாயிற்று. முடிக்க 55 ஆள்நாள் ஆகிவிட்டது. மிச்சம் 15 நாளின் சம்பளம் யார் தலையில் விழும்? படக் கம்பெனி கடைசி நேரத்தில் மாற்றம் கேட்டதா, அல்லது நம் ஆட்கள் தவறு செய்தார்களா என்று பார்க்க வேண்டும். எந்தத் தேதியில், யார், என்ன கேட்டார் என்று எழுதி வைத்திருந்தால்தான் கூடுதல் பணம் கேட்க முடியும். எழுதி வைக்காவிட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. இன்று கம்பெனிக்கு நஷ்டம் என்றால், நாளைக்கு ஊழியருக்கு வேலை இல்லை.

ஒரு சின்னக் குறிப்பு பத்துப் பேரின் சோற்றைக் காப்பாற்றும்!

யார் வரலாம்?

இந்த வேலைக்குக் குறிப்பிட்ட ஒரு பட்டம்தான் வேண்டும் என்பது இல்லை. பி.காம். படித்தவரும் வரலாம். ஆங்கில இலக்கியம் படித்தவரும் வரலாம். ஆனால், சில பழக்கங்கள் கட்டாயம் வேண்டும்.

முதலாவது, ஆங்கிலத்தில் பிழை இல்லாமல், சுருக்கமாகக் கடிதம் எழுதத் தெரிய வேண்டும். இலக்கண நயம் வேண்டாம். "இன்று 8 காட்சி முடிந்தது. 2 பாக்கி. நாளை பகல் 12 மணிக்குத் தருகிறோம்" என்று தெளிவாக எழுதினால் போதும்.

இரண்டாவது, "எக்ஸெல்" போன்ற கணக்குத் தாளில் கை ஓட வேண்டும்.

மூன்றாவது, மனிதர்களோடு பழகத் தெரிய வேண்டும். கலைஞர்கள் இரவு பகலாக உழைப்பவர்கள். அவர்களை அதட்டினால் வேலை நடக்காது. கெஞ்சிக்கொண்டே இருந்தாலும் நடக்காது.

நான்காவது, உண்மை பேச வேண்டும். "முடிந்துவிட்டது" என்று பொய் சொன்னால், மறுநாள் காலை குட்டு வெளிப்பட்டுவிடும். கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்லுகிறவர்மேல்தான் இந்தத் தொழிலில் நம்பிக்கை வைப்பார்கள்.

ஐந்தாவது, இரகசியம் காக்க வேண்டும். வெளிவராத படத்தின் ஒரு காட்சியைக்கூட நண்பர்களுக்குக் காட்டக் கூடாது. அப்படி எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். மீறினால் வேலை போகும். வழக்கும் வரும்.

வீட்டிலேயே பழகலாம்

"அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். வேலை கிடைக்காமல் அனுபவம் எப்படி வரும்? இதற்கு ஒரு வழி இருக்கிறது. காசு செலவு இல்லாத வழி.

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, செல்போனில் 2 நிமிடக் குறும்படம் எடுக்கலாம். அதில் 10 காட்சிகளுக்காவது தந்திர வேலை இருக்கட்டும். "பிளெண்டர்" என்ற கம்ப்யூட்டர் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. அதில் படம் செய்யத் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் போதும்.

நிர்வாகி ஆக விரும்புகிறவர் கணக்குத் தாளை வைத்துக்கொள்ள வேண்டும். காட்சி எண், எத்தனை படம், என்ன வேலை, யார் செய்கிறார், தொடங்கிய நாள், தர வேண்டிய நாள், தந்த நாள், எத்தனையாவது திருத்தம், யார் திருத்தம் சொன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட வேண்டும். தினமும் மாலையில் அதை நிரப்ப வேண்டும்.

காட்சிகளுக்கு எண் போடும்போது 10, 20, 30 என்று போட வேண்டும். நடுவில் ஒரு காட்சி புதிதாக வந்தால் 15 என்று செருகலாம். கம்பெனிகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்த்தால் பாடம் கிடைக்கும். எந்த வேலைக்கு 2 நாள் என்று நினைத்தோம், 5 நாள் ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று தெரியும். இண்டர்வியூவில் அந்தத் தாளைக் காட்டலாம். வெறும் சர்டிபிகேட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கம்பெனிகளில் இதே கணக்கைப் பார்க்க "ஷாட்கிரிட்" என்ற கருவி இருக்கிறது. 2024-ல் அதன் பெயரை "புளோ புரொடக்ஷன் டிராக்கிங்" என்று மாற்றிவிட்டார்கள். "எப்டிராக்" என்று ஒன்று. "கிட்சு" என்று இன்னொன்று. கிட்சுவை இலவசமாகவே வாங்கிப் பழகலாம். ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதும் எளிதில் வரும்.

கோவில் திருவிழாவுக்கு வரவு செலவு எழுதியவர், கல்லூரி விழா நடத்தியவர், மல்லாட்டை பிடுங்கும் நாளில் ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் பார்த்தவர் எல்லாரும் அதை விண்ணப்பத்தில் தாராளமாக எழுதலாம். "3 நாளில் 60 ஆளுக்குக் கூலி கொடுத்துக் கணக்கு முடித்தேன்" என்பதும் நிர்வாகம்தான்!

வேலையை எங்கே தேடுவது?

கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலேயே காலி இடங்களை அறிவிக்கின்றன. "லிங்க்டு-இன்" என்ற தளத்திலும் அறிவிப்பு வரும். சென்னை, ஐதராபாத், பெங்களூர், மும்பை ஆகிய நான்கு நகரங்களிலும் தேட வேண்டும். சென்னை மட்டும் என்று உட்கார்ந்தால் நாள் ஆகும்.

படம் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். பலர் அதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். எந்தக் கம்பெனி என்ன வேலை செய்தது என்பது அதில் இருக்கிறது. அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டால், எங்கே விண்ணப்பிக்கலாம் என்பது தெரியும். உலகப் பெயர் பெற்ற கம்பெனிகளுக்கு மட்டும் அல்ல, 30, 40 பேர் உள்ள சிறு கம்பெனிகளுக்கும் எழுத வேண்டும். சிறு கம்பெனியில் ஒருவரே நாலு வேலை பார்ப்பார். தொழில் சீக்கிரம் பிடிபடும்.

விண்ணப்பம் ஒரே பக்கம் இருக்கட்டும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கடிதத்தை அனுப்பக் கூடாது. அந்தக் கம்பெனி செய்த ஒரு படத்தைப் பார்த்து, அதைப்பற்றி இரண்டு வரி எழுத வேண்டும்.

பதில் வரவில்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். புதிய படம் கையில் வந்ததும் கம்பெனிகள் அவசரமாக ஆள் எடுக்கும். ஆகவே, 2 மாதம் கழித்து மறுபடி எழுதலாம்.

இண்டர்வியூவில் கேட்பது என்ன?

"நாளைக்கு அனுப்ப வேண்டிய காட்சி முடியவில்லை. கலைஞருக்குக் காய்ச்சல். நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்ற மாதிரிக் கேள்வி வரும்.

"எப்படியாவது முடித்துவிடுவேன்" என்பது நல்ல பதில் அல்ல. "எவ்வளவு பாக்கி என்று பார்ப்பேன். வேறு கலைஞர் யாருக்கு நேரம் இருக்கிறது என்று பார்ப்பேன். உடனே என் மேலதிகாரியிடம் சொல்வேன். எந்தக் காட்சியைத் தள்ளி வைக்கலாம் என்று கேட்பேன்" என்பதே நல்ல பதில்.

பல தொழில் சொற்களையும் கேட்பார்கள். ரோட்டோ என்றால் என்ன, காம்பாசிட்டிங் என்றால் என்ன, எது முதலில், எது பின்னால் என்று தெரிந்திருக்க வேண்டும். வரையத் தெரிய வேண்டாம். ஆனால், வரைகிறவர் என்ன செய்கிறார் என்பது தெரிய வேண்டும்.

பணம் கட்டுமுன் யோசியுங்கள்!

இப்போது தாயாரின் கேள்விக்கு வருவோம். லட்ச ரூபாய் கட்டிப் படிக்கத்தான் வேண்டுமா?

கலைஞர் ஆக விரும்புகிறவருக்குப் பயிற்சி தேவை. அதற்குச் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே அனிமேஷன், தந்திரக் காட்சி ஆகியவற்றுக்கு 4 ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. அரசு நிறுவனம் இருப்பது தெரியாமலே பலர் தனியார் பள்ளிகளில் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்.

நிர்வாக வேலைக்குப் போகிறவருக்கு, ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருந்தால், பெரும் பணம் கட்டிப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. "100 சதவீத வேலைக்கு உத்தரவாதம்" என்று எந்தப் பயிற்சிப் பள்ளியாவது சொன்னால், "சென்ற ஆண்டு உங்களிடம் படித்தவர்களில் 5 பேரிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். பேச வைத்தால் சரி. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிறவரிடம் கண்டிப்பாகப் பணம் கொடுக்கக் கூடாது. நியாயமான கம்பெனி சம்பளம் கொடுக்குமே தவிர, வேலைக்குப் பணம் வாங்காது.

வேலை கிடைத்ததும் ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள். எத்தனை மாதம்? பிராவிடண்டு பண்டு உண்டா? இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? இரவு வேலை முடிந்தால் வீடு சேர வண்டி தருவார்களா? இவற்றைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மேடும் பள்ளமும்

இது நிரந்தர உத்தியோகம் அல்ல. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2023-ம் ஆண்டு அமெரிக்காவில் சினிமா எழுத்தாளர்கள் மே மாதத்திலும், நடிகர்கள் ஜூலையிலும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். படப்பிடிப்பு நின்றது. ஹாலிவுட்டில் காமிரா நின்றால், சில மாதத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் நிற்கும். அப்படியே ஆயிற்று.

2025 பிப்ரவரியில் "டெக்னிகலர்" குழுமம் மூடப்பட்டது. "ஜங்கிள் புக்" படத்துக்காக ஆஸ்கார் பெற்ற எம்.பி.சி. கம்பெனியும் அதைச் சேர்ந்ததுதான். பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் திடீரென்று வேலை இழந்தார்கள்.

இப்போது செயற்கை அறிவும் வந்துவிட்டது. உருவத்தை ஓரம் வெட்டுவது, கம்பியை அழிப்பது போன்ற ஆரம்ப வேலைகளைக் கம்ப்யூட்டரே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யத் தொடங்கியிருக்கிறது. கூட்டத்தில் பேசியதை எழுதவும் கருவி வந்துவிட்டது. ஆனால், "யாருக்கு எதை எப்போது சொல்வது" என்று முடிவு செய்ய மனிதர் வேண்டும். வெறும் எழுத்தர் வேலை குறையும். விவரம் தெரிந்த நிர்வாகிக்கு வேலை இருக்கும்.

ஆகவே, இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் 6 மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைப்பது நல்லது. கடன் வாங்கிக்கொண்டு வருவது நல்லது அல்ல. நிர்வாகம் பழகியவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. நாள் கணக்கும் ஆள் கணக்கும் விளம்பரக் கம்பெனிக்கு வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனிக்கு வேண்டும். மென்பொருள் கம்பெனிக்கும் வேண்டும். ஓரிடத்தில் கதவு அடைத்தால், கற்ற தொழிலோடு இன்னொரு கதவைத் தட்டலாம்.

தகப்பனாருக்குப் பதில்

"உனக்கு ஒரு கோழி வரையத் தெரியாதே!" என்று கேட்ட தகப்பனாருக்கு மகள் இப்படிப் பதில் சொல்லலாம்:

"கோழி வரைய அங்கே ஆள் இருக்காங்கப்பா. அந்தக் கோழி எப்போ முடியும், எவ்வளவு செலவாகும், யார் பார்த்து 'சரி'ன்னு சொல்லணும்னு எழுதி வைக்கத்தான் ஆள் தேடறாங்க. அதை நான் செய்வேன். கோர்ஸுக்குப் பணம் வேண்டாம். நாலு மாதம் டயம் மட்டும் கொடுங்க. ஒரு குறும்படக் கணக்கை எழுதிக் காட்டறேன். அதுக்கப்புறம் போகலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க!"

நாலு மாதம் கொடுத்துப் பார்ப்பதில் தகப்பனாருக்கு நஷ்டம் இல்லை. கணக்கு எழுதும் பழக்கம் கையில் வந்துவிட்டால், அது ஓமந்தூர் வீட்டு வரவு செலவுக்காவது உதவும்!